ஆடி வெள்ளியில் வெட்டிய கொடி

தாராவி, மும்பை
3.12.2025, புதன்

அன்பு மகன் சுரேந்திரனுக்கு அம்மா சுயம்புக்கனி எழுதுவது. முழங்காலையும் இடது கண்ணையும் தவிர்த்து எனக்கு மற்றதெல்லாம் சுகம். நீ சுகமா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, நீ சுகமாய் இல்லை என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரியவந்தது, அதுவும் உன் வாயால் இல்லை. நான் ஐந்தாவது வரை படித்தவள், எழுத்து கோணலாய்த்தான் இருக்கும், நீ தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்திருக்கிறாய், எழுத்துக் கூட்டியாவது வாசித்துக்கொள். பக்கத்து வீட்டு மாரிக்கண்ணன் மகள் மாரிசெல்வி எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவைப்பாள். வாய்ஸில் பேசி அனுப்பினால் பாதி கேட்டுவிட்டு மீட்டிங் என்பாய். வெளிநாட்டில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவனுக்கு அப்படி என்ன மீட்டிங் என்று இத்தனை நாள் நான் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வாய்ஸ் வந்தது. "எம்மா, வீட்ல மணிபிளாண்ட் ஒண்ணு இருக்குல்லா, இலையெல்லாம் மஞ்சளாயி உதிருது, தெனமும் தண்ணி ஊத்தத்தான் செய்யிதேன், எனக்கு இதுலாம் பழக்கமில்ல, என்ன செய்யணும்னு சொல்லு" என்று பேசியிருந்தாய். இந்த வருடத்தில் நீ அனுப்பிய மூன்றாவது வாய்ஸ் அது. முதலாவது பொங்கலுக்கு, பத்து விநாடிகூட இல்லை. இரண்டாவது என் ஆதார் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி. மூன்றாவதில் நாற்பது விநாடி பேசியிருக்கிறாய், நாற்பதும் செடிக்கு. அதற்கே நான் பூரித்துப்போய் மாரிசெல்வியிடம் என் மகன் செடி வளர்க்கிறான் பார் என்று பீற்றிக்கொண்டேன், அவள் போனை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, "ஆச்சி, அண்ணன் செடிக்கு எப்பிடி இருக்குன்னு கேக்காரு, ஒங்களுக்கு எப்பிடி இருக்குன்னு கேக்கலியே" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். ஊர் சிரிக்கிற மாதிரித்தானே நடந்திருக்கிறது.

நேற்று மாஹிமுக்கு மீன் வாங்கப் போனேன். ஸ்டேஷன் பாலத்தில் ஒரு படி ஏறி ஒரு படி நின்று போய்க்கொண்டிருந்தபோது எதிரே உன் மாமியார் ஏஞ்சலம்மாள் இறங்கி வந்தாள். எனக்கும் அவளுக்கும் பேச்சில்லாமல் இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிறது, அதற்கு முன்னாலும் பெரிதாய் ஒன்றும் பேசிக் கிழித்துவிடவில்லை, உன் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் முந்திரி இல்லாத பாயசம் ஊற்றச் சொன்னவள் அவள், என் பேரன் பிறந்தபோது என்னிடம் ஒரு பேர் கேட்காமல் தன் பேரிலிருந்து எடுத்து ஏஞ்சலோ என்று வைக்கச் சொன்னவளும் அவள்தான். நான் கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி போகப் பார்த்தேன், விடவில்லை. "என்ன சம்பந்தி, கண்டும் காணாத மாதிரி போறிய, இனிமே கோவப்பட என்ன இருக்கு, எல்லாந்தான் முடிஞ்சிபோச்சே" என்றாள். என்ன முடிந்தது என்றேன். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "எம்மவ செப்டம்பர்லயே பேரனத் தூக்கிக்கிட்டு கூடப் படிச்ச கூட்டுக்காரி வீட்டுக்குப் போயிட்டா. ஒங்க மவன் சொல்லலியாக்கும்" என்றாள். தெரியும், தெரியாமல் என்ன என்று சொன்னேன். "பொய் சொல்லாதிய, ஒங்க மூஞ்சே சொல்லுது" என்று என் கையிலிருந்த பையை வாங்கி ஓரமாய் வைத்து என்னைப் படியிலேயே உட்காரவைத்தாள். போகிற வருகிறவன் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போனான். என் வயதில் எனக்குக் கிடைத்த மரியாதை அது.

மூன்று மாதமாய் உன் பெண்டாட்டி லிசாவும் பிள்ளையும் வீட்டில் இல்லை, அது எனக்கு மாஹிம் பாலத்துப் படியில், அந்தப் பொம்பளை வாயால் தெரியவேண்டியதிருக்கிறது. ஒரு தடவை பேரனைக் காட்டு என்று கேட்டதற்குத் தூங்குகிறான் என்றாயே, அது அக்டோபர் பதினெட்டு, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், அங்கே அப்போது காலை பத்து மணி. பத்து மணிக்கு எந்தப் பிள்ளை தூங்குகிறது என்று அன்றைக்கே எனக்கு உறுத்தியது. அடித்தானா குடித்தானா என்று நானே கூசாமல் ஏஞ்சலம்மாளிடம் கேட்டேன். "நானும் அதத்தான் மொதல்ல கேட்டேன் சம்பந்தி. அதுக்கு எம்மவ, அதெல்லாம் இல்லம்மா, எதுக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டுக்காரு, செவுத்துக்கிட்ட பேசினாக்கூட எதிரொலி வரும்னு சொன்னா" என்றாள். இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி லிசா மிச்சச் சாமானை எடுக்க வருகிறாளாம். வந்தால் ஒரேயடியாய் எடுத்துப்போவாளா, இரண்டு நாள் இருந்து கிறிஸ்துமஸைக் கழிப்பாளா, அதற்குமேல் இருப்பாளா, அவள் அம்மைக்கும் தெரியவில்லை. "ஆனா ஒவ்வொரு போன்லயும் அந்தச் செடி உசுரோட இருக்கான்னு கேக்கா. நான் எங்க போயி யாருட்ட கேக்க. நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றாள். அப்போதுதான் உன் நாற்பது விநாடிக்கு எனக்கு அர்த்தம் விளங்கியது. ஏஞ்சலம்மாள் வேறொன்றும் சொன்னாள், அதைப் பின்னால் எழுதுகிறேன். எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் கெட்டுப்போகிற சாமான் இல்லை, அப்படியே இருக்கும், செடிக்குத்தான் நாள் இல்லை. முதலில் அதைப் பார்.

மஞ்சளாகி உதிர்கிறது என்றால் அதற்குத் தாகம் இல்லை, அது தண்ணீரில் முங்கிச் சாகிறது. தாகம் எடுத்த மணிபிளாண்ட் இலையைத் தொங்கப்போட்டுச் சுருட்டிக்கொள்ளும், ஒரு செம்பு ஊற்றினால் சாயந்திரத்துக்குள் நிமிர்ந்துவிடும், மறந்து போனவன் வீட்டிலும் அது பிழைக்கும், தினமும் ஊற்றுகிறவன் வீட்டில்தான் பிழைக்காது. இன்றோடு தண்ணீரை நிறுத்து. தொட்டிக்கு அடியில் வைத்திருக்கும் தட்டைப் பார், தண்ணீர் நிற்கும், கொட்டு. பேப்பரை விரித்துத் தொட்டியைச் சாய்த்து அடியில் தட்டி மண்ணோடு செடியை வெளியே எடு, தண்டைப் பிடித்து இழுக்காதே. வேர் வெள்ளையாய் விரலுக்குக் கெட்டியாய் இருந்தால் நல்லது. கறுத்து வழுவழுத்து சாக்கடை வாடை அடித்தால் அது செத்த வேர், கத்தரியை வெந்நீரில் கழுவிவிட்டு அதையெல்லாம் நறுக்கித் தள்ளு, பாவம் பார்க்காதே. பழைய மண்ணைத் திரும்பப் போடாதே, கடையில் லேசான மண் பையில் கிடைக்கும், அதை வாங்கு. வேர் குறைந்துபோன செடிக்குப் பெரிய தொட்டி கூடாது, சின்னதில் வை, அடியில் ஓட்டை இருக்கவேண்டும். ஓட்டை இல்லாத அழகுத் தொட்டியில் வைத்திருந்தால் அதுதான் உன் குற்றம், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

இனிமேல் ஊற்றும்போது நாளைப் பார்த்து ஊற்றாதே, மண்ணைப் பார்த்து ஊற்று. ஆள்காட்டி விரலை இரண்டாவது மடிப்பு வரைக்கும் மண்ணில் விடு, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு வேண்டாம், விரல் சுத்தமாய் வந்தால் அடி ஓட்டையில் ஒழுகும்வரை ஊற்று, ஒழுகினதைக் கொட்டு. உங்கள் ஊர்க் குளிரில் பத்து நாளைக்கு ஒரு தடவைகூட அதிகமாய் இருக்கும். குழாயில் வருகிற ஐஸ் தண்ணீரை அப்படியே ஊற்றாதே, ஒரு ராத்திரி பாத்திரத்தில் பிடித்துவை. வெயில் படட்டும் என்று ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்திருப்பாய், எனக்குத் தெரியும், அங்கே சித்திரையிலேயே அந்தக் கண்ணாடியைத் தொட்டால் கை விறைத்தது, மார்கழியில் இலை கருகிவிடும், மூன்றடி தள்ளி வை. தரையில் சல்லடை போட்டு அனல் காற்று வருமே, அதற்கு நேரேயும் வைக்காதே. இலை ஓரம் காய்ந்து மொறுமொறுப்பானால் அந்த அனல், இலை முழுக்க மஞ்சளானால் தண்ணீர், இந்த இரண்டும் தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி.

வேர் எல்லாமே கறுப்பாய் இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. பச்சையாய் இருக்கிற கொடியில் இலை சேரும் இடத்தில் பழுப்பாய்ச் சின்ன முண்டு ஒன்று இருக்கும், அதற்கு ஒரு விரல் கீழே வெட்டு, முண்டு தண்ணீருக்குள்ளும் இலை வெளியேயும் இருக்கும்படி கண்ணாடி பாட்டிலில் வை, நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்று. முண்டு இல்லாமல் வெறும் இலையைக் கிள்ளி வைத்தால் அதுவும் மாதக்கணக்கில் பச்சையாய் நின்று உன்னை ஏமாற்றும், கொடியாகாது. இருபத்திரண்டாம் தேதிக்குள் வேர் விட்டுவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன், குளிரில் ஒரு மாதம்கூட ஆகும், வெள்ளையாய் ஒரு முனை எட்டிப்பார்த்தால் உன் அதிர்ஷ்டம். பார்க்கிறேன் பேர்வழி என்று தினமும் வெளியே எடுத்துப் பார்க்காதே. இலையைத் துடைக்க வேண்டுமென்றால் ஈரத்துணி போதும், தேங்காயெண்ணெய் தடவாதே. அது நான் செய்த முட்டாள்தனம். மாதுங்காவில் நான் பதினேழு வருடம் வேலை பார்த்த வீட்டில், நான் சேர்ந்த மூன்றாம் மாதம், பளபளவென்று இருக்கட்டும் என்று எல்லா இலையிலும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன், தூசி அப்பி இலை மூச்சுவிட முடியாமல் பத்து நாளில் தொட்டியே போயிற்று. அந்த வீட்டம்மா, "தரையைத் தொடைச்சோமா போனோமான்னு இருக்கணும், செடியெல்லாம் உன் வேலை இல்லை" என்றாள். பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, நான் கையில் பக்கெட்டோடு நின்றேன். அதே அம்மா கடைசிப் பத்து வருடம் அமெரிக்காவுக்குப் போகும்போதெல்லாம் சாவியை என்னிடம் தந்துவிட்டுச் செடியைப் பார்த்துக்கோ என்று போனாள். பார்த்துக்கொண்டேன். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் அவளுக்கு இன்னும் தள்ளுபடி செய்யவில்லை.

இனி ஏஞ்சலம்மாள் சொன்ன விஷயம். 2023 சித்திரையில் ஆறு மாதத்துக்கு என்று என்னை அழைத்தாய், நாலு மாதம் முடியுமுன் திருப்பி அனுப்பினாய். நம் சாலில், ஒரே வரிசையில் இருக்கிற பதினாறு வீட்டிலும் நான் என்ன சொல்லிவைத்திருக்கிறேன் தெரியுமா, ஒரு செடியை நறுக்கினதற்காக மருமகள் என்னை வீட்டைவிட்டு அனுப்பினாள் என்று. அந்தச் செடி அடுக்களை அலமாரி உச்சியிலிருந்து ஜன்னலின் இரண்டு பக்கமும் தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது, என் கைக்குப் பதினொரு முழம். மணிபிளாண்ட் கீழ்நோக்கித் தொங்கினால் வீடும் கீழே போகும், மேலே ஏற்றிக் கட்டவேண்டும் என்று நம் ஆட்கள் எல்லோரும் சொல்கிறதுதான், நானும் வந்த அன்றைக்கே சொன்னேன், "தொங்குனாத்தான் அத்தை அழகு" என்று அவள் சிரித்தாள். ஆடி முதல் வெள்ளி, நீங்கள் இரண்டுபேரும் வேலைக்குப் போனபிறகு நாற்காலி போட்டு ஏறி, தொங்கின இரண்டு கொடியையும் அலமாரி ஓரத்தோடு வெட்டினேன். மிச்சத்தைக் குச்சி நட்டு மேலே கட்டினேன், வெட்டினதைத் துண்டு துண்டாக்கி ஏழு பாட்டிலில் போட்டேன். கொடியில் அங்கங்கே கம்பளி நூல் முடிந்திருந்தது, நாலு வெள்ளை, ஒன்று கறுப்பு, கறுப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. என்ன கர்மமோ என்று எல்லாவற்றையும் அவிழ்த்துக் குப்பையில் போட்டேன்.

லிசா வந்து பார்த்தாள். கத்துவாள் என்று நான் தயாராய் இருந்தேன், கத்தவில்லை, கோட்டைக்கூடக் கழற்றாமல் குப்பை டப்பாவைத் தரையில் கவிழ்த்துத் தேடினாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னமோ, குப்பை அன்று மதியமே போய்விட்டது, டப்பாவில் நீ சாப்பிட்ட முட்டைத் தோடு மட்டும்தான் இருந்தது. மறுநாள் என்னிடம், "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அத்தை" என்றாள். "எம்மவன் வீட்ல கத்தரி எடுக்கதுக்கு ஒன்ட்ட சீட்டு எழுதி வாங்கணுமாட்டி" என்று நான் கேட்டேன். நீ இரண்டுக்கும் நடுவில் சோபாவில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாய். அவள் பக்கம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் பக்கமும் சொல்லவில்லை, ஒன்பதாம் நாள் டிக்கெட் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னாய்.

அந்த நூல் என்ன என்று பாலத்துப் படியில் ஏஞ்சலம்மாள் சொன்னாள். லிசா படிக்கப் போன முதல் வாரத்தில் வாங்கின செடியாம் அது, அப்போது நாலு இலை. அந்த முதல் குளிரில்தான் அவள் அப்பா மிக்கேல்ராஜ் இங்கே இறந்தார், பரீட்சையும் விசாவும் மறித்து அவளால் வரமுடியவில்லை, அடக்கத்தைப் போனில் பார்த்தாள். அந்த வாரம் விட்ட இலைக்குக் கீழே கறுப்பு நூலை முடிந்தாள். பிறகு ஒவ்வொரு குளிர் கழியும்போதும் அதுவரைக்கும் வளர்ந்த இடத்தில் ஒரு வெள்ளை. "எங்க வீட்டுக்காருக்கு அங்க கல்லறையா இருக்கு சம்பந்தி, அந்த நூலுதான் அவளுக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசிவிட்டு எழுந்து வந்திருப்பேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, தெரியாமல் செய்தேன் என்று அவளிடம் சொன்னேன். அது பாதி உண்மை.

மீதியை எழுதுகிறேன். வியாழக்கிழமை சாயந்திரம், அதாவது வெட்டினதற்கு முந்தின நாள், லிசா குளியலறையில் பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டே அவள் அம்மையிடம் போனில் பேசினாள். "இன்னும் மூணு மாசம்மா, பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றாள். நான் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றேன். மூன்று மாதமாய் அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டி, அவள் துணியை மடித்து, அவளுக்குப் பிடிக்கும் என்று புளி வாடை அடிக்காமல் குழம்பு வைத்தவள் நான். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை, காலையில் கத்தரியை எடுத்தேன். வீடு கீழே போகும் என்பதற்காக ஒருத்தி கொடியை வெட்டுவாளா, தூக்கிக் கட்டினாலே போதும், பதினேழு வருடம் செடி பார்த்தவளுக்கு அது தெரியாதா. அவளுக்கு அது எவ்வளவு பிரியம் என்று தெரிந்துதான் வெட்டினேன். நூலின் கதை தெரியாது, பிரியம் தெரியும். ஆடி வெள்ளி, சாஸ்திரம், வீட்டுக்கு நல்லது எல்லாம் நான் கட்டின சாக்கு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிற பழக்கம் உன் மாமியாருக்குத்தான் உண்டு, எனக்கு இல்லை.

ஆனால் ஒன்று. நூலைத்தான் நான் குப்பையில் போட்டேன், கொடியைப் போடவில்லை. ஏழு பாட்டிலும் வேர் விட்டது, அதை லிசாவே திரும்ப அந்தத் தொட்டியில் நட்டாள் என்று அம்மைக்காரி சொல்கிறாள். நீ தினமும் தண்ணீர் ஊற்றி அழுக வைத்துக்கொண்டிருக்கிறது அதே கொடிதான், அவள் அப்பா இறந்த வாரத்தில் விட்டது அதற்குள்ளே எங்கேயோ இருக்கிறது. அதனால் ஒரு துண்டாவது பிழைக்கவேண்டும், சாயந்திரம் பார்க்கலாம் என்று வைக்காதே, இதை வாசித்த கையோடு செய். முந்திரி, பேர் வைத்தது, பல்லைக் கடித்தது இதெல்லாம் எனக்கு மறக்காது, மறக்கவும் மாட்டேன், அவள் திரும்பி வந்தாலும் என் மனதில் அதது அந்தந்த இடத்தில் இருக்கும். அதற்கும் அவள் செடிக்கும் சம்பந்தமில்லை.

லிசாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதனால் இருபத்திரண்டாம் தேதி அவள் வந்ததும் சாமானைக் கட்டவிடுவதற்கு முன் உட்காரவைத்து இந்தக் கடிதத்தை உன் வாயால் வாசித்துக் காட்டு. முதல் பக்கத்திலிருந்து வாசி. நான் அவளைக் குறை சொல்லியிருக்கிற இடத்தை எல்லாம் விழுங்கிவிட்டு நல்லதாய் நாலு வரி வாசிக்கப் பார்ப்பாய், உன்னைப் பெற்றவள் நான், அப்படிச் செய்யாதே, அவளுக்கு உடனே தெரிந்துவிடும், என் குரல் அவளுக்குத் தெரியும். உன்னைப் பற்றி எழுதியிருக்கிறதையும் விடாதே. மன்னிப்பு என்று நான் எங்கேயும் எழுதவில்லை, நீயாய்ச் சேர்க்காதே, கத்தரி எடுத்த காரணத்தை எழுதியிருக்கிறேன், அவள் அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். வாசித்து முடித்ததும் போனைக் கீழே வை, திரும்ப எடுத்துத் தடவாதே. அதற்குப்பிறகு நீ பேசவேண்டும். அதில் என்ன பேசவேண்டும் என்று நான் எழுதித் தரமாட்டேன், முப்பத்தாறு வயது ஆகிறது உனக்கு.

உனக்கும் பேரனுக்கும் சுடலைமாடன் துணை இருப்பான், அவளுக்கு அவள் கும்பிடுகிற மாதா துணை இருக்கட்டும், இரண்டுபேரும் சண்டை போடாமல் பார்த்துக்கொள்வார்கள். வேளைக்குச் சாப்பிடு, வெளியே போகும்போது காதை மூடிக்கொள். ஒன்று மறக்காதே, அந்த இலையைக் கடித்தால் நாக்கு வீங்கி எரியும், பிள்ளை வருகிற அன்றைக்குச் செடியை அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வை, அங்கிருந்து அது தொங்கினால் தொங்கட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத அம்மா
சுயம்புக்கனி